முழங்காலுக்கு முதல் மரியாதை

தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல்லில் ரெண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, பழனி ரோட்டில் பச்சை வேட்டிகளும் காவி வேட்டிகளும் ஒட்டன்சத்திரம் பக்கமாக வரிசை கட்டி நடக்கும். இன்னொன்று, ஏதாவது ஒரு டீக்கடையில் அந்தப் பழைய சண்டை ஆரம்பிக்கும்.

"படியேறிப் போனாத்தாம்ப்பா சாமி கும்பிட்ட மாதிரி. ரோப்கார்ல போறதெல்லாம் டூரு."

"ஏன், முருகன் படியில வந்தவனுக்கு மட்டும்தான் கண்ணத் தொறப்பாரா? 2004-லயே ரோப்கார் வந்தாச்சு, இன்னும் படி படின்னுகிட்டு..."

படிக்கட்டுக் கட்சி, ரோப்கார் கட்சி. வாயில் டீ ஆறிப்போகும் வரை சண்டை ஓயாது. விஷயம் என்னவென்றால், ரெண்டு கட்சியுமே தப்பு!

இது நம்மூர்ச் சண்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பனிமலை இருக்கும் ஊர்களில் இதே சண்டை பனிச்சறுக்கை வைத்து நடக்கிறது. காஷ்மீர் குல்மார்க்கில் கம்பிவடப் பெட்டி அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடும். ஏறி உட்கார வேண்டியது, மேலே போய்ச் சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டியது. இன்னொரு கூட்டம், சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்காக நடந்தே ஏறும். யார் காலும் படாத பனியில் ஒரே ஒரு தடவை இறங்குவதற்காக! நடந்து ஏறியவர்கள் மற்றவர்களைச் சோம்பேறி என்பார்கள். பெட்டியில் போனவர்கள் இவர்களைக் கிறுக்கு என்பார்கள். பழனி அடிவாரத்துக்கும் அதற்கும் பனி ஒன்றுதான் வித்தியாசம்.

ஒரு சுவாரஸ்யமான தகவல். உலகின் முதல் சறுக்குமலை நாற்காலி லிஃப்ட் 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில் வந்தது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கர்ரன் என்ற ரயில்வே என்ஜினீயருக்கு யோசனை எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் இயந்திரத்திலிருந்து. வாழைப்பழத்துக்குப் பதில் மனிதன், அவ்வளவுதான். விருப்பாட்சிப் பழத்தில் பஞ்சாமிர்தம் பிசையும் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியாது :)

சரி, முதலில் படிக்கட்டுக் கட்சிக்கு வருவோம்.

கஷ்டப்பட்டு ஏறினால்தான் பக்தி என்கிறார்கள். அப்படியானால் அந்தப் படியை வெட்டியது யாருக்காக? மலை என்றால் பாறையும் முள்ளும்தான். அதில் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் படி கட்டி, நடுநடுவே மண்டபம் கட்டி, நிழல் பண்ணி வைத்ததே மனிதனுக்கு வசதி செய்யத்தானே? படி கஷ்டம் என்றால் பக்கத்திலேயே சரிவாக யானைப்பாதை வேறு. நேற்றைய வசதி இன்றைக்குப் பாரம்பரியம் ஆகிவிட்டது. 1966-ல் வந்த விஞ்ச்சைக்கூட இப்போது "அந்தக் காலத்து விஞ்ச்" என்று பாசமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஐம்பது வருடம் போனால் ரோப்காரும் பாரம்பரியம்தான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் நடந்தார்கள் என்பதும் முழுப் பொய். கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்கார துரைகளும் துரைசாணிகளும் எப்படிப் போனார்கள்? டோலியில், நாற்காலியில், நம்மூர் ஆட்களின் தோளில். மலை ஏறியது துரை, மூச்சு வாங்கியது கூலிக்காரன். இன்றைக்கும் சபரிமலையில் டோலி இருக்கிறது. மனிதன் மனிதனைச் சுமப்பதைவிட மோட்டார் சுமப்பது எவ்வளவோ மேல். இயந்திரத்தைத் திட்டுபவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கணும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். "படியேறு, முருகன் பாத்துக்குவான்" என்று அடுத்தவரை உசுப்பேற்றுவது விளையாட்டல்ல. இதயக்கோளாறு உள்ளவர், ஆஸ்துமாக்காரர், மூச்சு வாங்குவதைச் சொல்ல வெட்கப்படும் பெரியவர், எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வெறுங்காலில், வெயிலில், கௌரவத்துக்காக ஏறி நடுப்படியில் சாய்ந்துவிட்டால் யார் பொறுப்பு? தன் உடம்பால் நேர்ச்சை செலுத்தலாம். அடுத்தவர் உடம்பை வைத்துச் செலுத்த யாருக்கும் உரிமை கிடையாது.

ரோப்கார் கட்சி இப்போது கைதட்டும். கொஞ்சம் பொறுங்க.

ரோப்கார் நேரத்தை மிச்சம் பண்ணும் என்கிறார்கள். மேலே போய்ச் சேர மூன்று நிமிடம்தான், உண்மை. ஆனால் லீவு நாளில் அந்த மூன்று நிமிடத்துக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறோம்? பி.காம். முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும், காத்திருக்கும் நேரமும் செலவுதான். நல்ல உடம்புள்ள இருபது வயதுக்காரர் நிதானமாக ஏறினால் அரை மணியில் மேலே நிற்பார். அரை மணி வேலைக்கு ஒன்றரை மணி வரிசையில் நின்று, நேரம் மிச்சம் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

அவர் நேரம் வீணாவது அவர் பாடு. ஆனால் அவர் முன்னால் நிற்பதால் பின்னால் நிற்பவரின் நேரமும் வீணாகிறதே, அந்தச் செலவு யார் கணக்கில் எழுதுவது?

ஒரு பேச்சுக்கு, மணிக்கு 200 பேரை ஏற்றும் வண்டி என்று வைப்போம். வரிசையில் 400 பேர். கடைசி ஆள் 2 மணி நேரம் நிற்கணும். அந்த 400-ல் 250 பேர் படியேறத் தெம்புள்ளவர்கள் என்றால், அவர்கள் விலகிய அடுத்த நொடி வரிசை 150 பேர். கடைசி ஆளுக்கு 45 நிமிடம். விலகிய 250 பேரும் அதற்குள் மேலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒருவருக்கும் நஷ்டமில்லாத இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் எங்கே கிடைக்கும்?

வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்க. முன்னால் ஆறேழு காலேஜ் பசங்க, கையில் செல்போன். அவர்களுக்குப் பின்னால் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி. ரெண்டு முழங்காலும் போச்சு. (ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் கத்தும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க.) பசங்களுக்கு ரோப்கார் ஒரு வழி. பாட்டிக்கு அதுவும் விஞ்ச்சும்தான் வழி. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் சண்டையே முடிந்தது.

ஆகவே கேள்வி "எது உசந்தது, படியா ரோப்காரா" என்பதே இல்லை. இருக்கும் கொஞ்சம் இருக்கையில் யார் உட்காரணும் என்பதுதான். இப்போது கூடுதலாகப் பணம் கட்டினால் தனி வரிசை. பணம் இருப்பவருக்கு முழங்கால் வலி அதிகமா என்ன? தமிழ்நாட்டில் வருமானத்தில் முன்வரிசையில் இருக்கும் கோவில் இது. இந்த டிக்கெட் காசை நம்பி விளக்கெரிய வேண்டிய நிலை இல்லை. அறுபது தாண்டியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், உடம்பு முடியாதவர், இவர்களுக்குத்தான் முதல் வரிசை, அதுவும் இலவசமாக. பர்ஸைப் பார்த்து இல்லை, முழங்காலைப் பார்த்து.

"இருபத்தஞ்சு வயசுலயும் ஹார்ட் பேஷண்ட் இருப்பாங்களே, சர்டிஃபிகேட் கேப்பீங்களா?" நியாயமான கேள்வி. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். முடியாதென்று சொன்னால் முடியாதுதான். சிலர் பொய் சொல்லி ஏறுவார்கள், ஏறட்டும். சன்னதியில் போய் நிற்கும்போது அது அவருக்கும் முருகனுக்கும் உள்ள விவகாரம். எல்லோரையும் திருத்த வேண்டியதில்லை, தெம்புள்ளவர்களில் பாதிப்பேர் படிப்பக்கம் திரும்பினாலே போதும்.

2024-ல் சோளிங்கருக்கும் அய்யர்மலைக்கும் ரோப்கார் வந்தது. முன்னதில் 1,305 படி, பின்னதில் 1,017 படி. மலை மேல் இருக்கும் சாமியை அடிவாரத்திலிருந்து மட்டுமே கும்பிட்டு வந்த எத்தனையோ பேருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அங்கேயும் முதல் ஆளாகத் தெம்புள்ளவர்கள் போய் நின்றால், வந்தும் என்ன பிரயோஜனம்?

காற்று பலமாக அடித்தால் பழனியில் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாளும், வருடத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் ஓடாது. நிறுத்தித்தான் ஆகணும், 2007 விபத்தில் உயிர்கள் போனதை ஊர் மறக்கவில்லை. அந்த மாதிரி நாளில் விஞ்ச் வரிசையும் ரோடு வரைக்கும் நீண்டிருக்கும். பாத விநாயகர் சன்னதிப் பக்கம் போய்ப் பாருங்க. சில பெரியவர்கள் வரிசையையும் பார்ப்பார்கள், படியையும் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு சூடத்தைக் கொளுத்தி, மேலே தெரியும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை இவ்வளவுதான்ப்பா" என்று பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்த தடவை வரிசையில் நிற்கப் போகும் இருபது வயதுக்காரர்கள் ஒரே ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தால் போதும். படி அங்கேதான் இருக்கு, பக்கத்திலேயே.