பந்தயத் திடலில் மின்சாரக் கார்: நட்டம் யாருடைய கணக்கில்?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டதிலிருந்து எமது வர்த்தகர்களின் வீட்டு வாசல்களில் மின்சாரக் கார்கள் கூடி வருகின்றன. 2022இல் பெற்றோல் வரிசைகளில் இரவு பகலாகக் காத்துக் கிடந்தவர்களுக்கு அதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. இந்தக் கார்களோடு எமது வாலிபர்களிடம் ஒரு ஆசையும் வந்து சேர்ந்திருக்கிறது. சொந்தக் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை அது. அதைப் பற்றியே இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

வெளிநாடுகளில் இதற்கு 'ட்ராக் டே' என்று பெயர். இது போட்டி அல்ல. நேரம் கணிப்பதில்லை, பரிசும் இல்லை. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, பத்திரமொன்றில் கையெழுத்திட்டால் யாரும் தமது காரைத் திடலில் ஓட்டலாம். பிரித்தானியாவில் சில்வர்ஸ்டோன், பிரான்ட்ஸ் ஹட்ச் போன்ற திடல்களிலும், டுபாய் ஒட்டோட்ரோமிலும் இது வழமையாக நடக்கும் காரியம். ஜப்பானில் ஒரு படி மேலே போய், 2010 முதல் மின்சாரக் கார்களுக்கென்றே ஒரு பந்தயத் தொடர் நடத்துகிறார்கள். எமது வீதிகளில் ஓடும் அதே நிஸான் லீஃப் கார்கள்கூட அதில் ஓடியிருக்கின்றன. லண்டனிலும் வளைகுடாவிலும் இருக்கும் எமது பிள்ளைகள் இவற்றில் கலந்துகொண்டு படம் எடுத்து அனுப்ப, இங்குள்ளவர்களும் "நாமும் ஒரு நாள் வைத்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இது கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நள்ளிரவில் மரைன் டிரைவில் மற்றவர் உயிரோடு விளையாடுவதைவிட, வேலி போட்ட திடலில் ஓடுவது ஆயிரம் மடங்கு மேல். ஒரு வியாபாரியாக எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. அங்கே ஏதாவது நடந்தால் நட்டம் யாருடைய கணக்கில் விழும்?

"முழுக் காப்புறுதி இருக்கிறதே" என்பார்கள். பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில், பந்தயம், வேகப் பரிசோதனை, தாங்குதிறன் பரீட்சை ஆகியவற்றுக்கு வாகனத்தைப் பயன்படுத்தினால் காப்புறுதி செல்லாது என்று ஒரு வரி இருக்கும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் வரி அது. 'இது போட்டி அல்ல, பழகும் நாள்' என்று வாதாடலாம்தான். ஆனால் பணம் கொடுக்க வேண்டிய தரப்பு அந்த வரியை எமக்குச் சாதகமாக வாசிக்கும் என்று எண்ணிக்கொண்டு இலட்சக்கணக்கில் பெறுமதியான காரைத் திடலில் இறக்குவது வியாபாரம் தெரிந்தவர் செய்யும் வேலையல்ல. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியும் வீதியில் ஓடும் வாகனத்தை நினைத்து எழுதப்பட்டதே.

இதில் லீசிங்கையும் சேர்த்துப் பாருங்கள். இன்று வாங்கப்படும் கார்களில் எத்தனை கார்கள் கைக்காசில் வாங்கப்பட்டவை? புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதிக் கம்பனி. காப்புறுதி நிராகரிக்கப்பட்டு, கார் கராஜ் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது. இஜாரா முறையில் எடுத்தவர்களும் தமது ஒப்பந்தத்தில் 'முறையற்ற பாவனை' பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாப்பா உத்தரவாதக் கையெழுத்து வைத்திருந்தால், மகன் ஓட்டிய பத்துச் சுற்றுக்கு வாப்பாவின் கடை ஐந்து வருடம் உழைக்க வேண்டி வரும்.

பிரித்தானியாவில் இந்த இடைவெளியை நிரப்ப, ஒரு நாளுக்கு மட்டும் தனிக் காப்புறுதி விற்கிறார்கள். அதிலும் வாகனப் பெறுமதியில் ஒரு பங்கை, சாதாரணமாகப் பத்து வீதத்தை, உரிமையாளரே தாங்க வேண்டும். இயந்திரக் கோளாறு அதில் அடங்காது. திடலில் ஓடிய மற்றவரின் காருக்கு வரும் சேதமும் பெரும்பாலும் அடங்காது. ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20.8 கிலோமீற்றர் நீளமான பழைய சுற்றுப்பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நாட்களில், சட்டப்படி அது கட்டணம் அறவிடும் ஒரு வீதிதான். ஆனால் பாதுகாப்பு வேலியை இடித்தால் வேலியின் விலை இடித்தவரிடம் அறவிடப்படும். பில் கையில் வரும்போதுதான் பலருக்கு விளையாட்டின் உண்மையான கட்டணம் தெரிகிறது.

வாசலில் வைக்கும் கையெழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். 'எனக்கு என்ன நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல' என்ற அந்தப் பத்திரத்தை நம்பித்தான் பலர் நிகழ்ச்சி நடத்தத் துணிகிறார்கள். எமது நாட்டில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வியாபார நோக்கில் ஒன்றை நடத்துபவர் தனது கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒரு பத்திரத்தால் கழற்றிவிட முடியாது என்பது அதன் சாரம். ஆகவே அந்தக் கையெழுத்து ஓட்டுபவரையும் காப்பாற்றாது, நடத்துபவரையும் காப்பாற்றாது.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி ஒரு வைக்கோல் களஞ்சியத்திலிருந்து கிளம்பியது. 2007இல் ஸ்லோவேனியாவில் டிராக்டர் ஒன்று பின்னோக்கி வந்து ஏணியில் மோதியதால், அதில் நின்ற வினுக் என்பவர் விழுந்து காயப்பட்டார். 2014 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனியார் காணியிலும் வாகனத்துக்குக் கட்டாயக் காப்புறுதி பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் பந்தயத் திடலும் அடங்குமே என்று மோட்டார் விளையாட்டு உலகமே பதறியது. பிரித்தானியா 2022இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பிடியிலிருந்து விலகிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கொண்டுவந்த திருத்தம் எனக்கு அதைவிட நியாயமாகப் படுகிறது. திடலில் நடக்கும் மோட்டார் விளையாட்டுக்கு வாகனக் காப்புறுதி கட்டாயமில்லை. ஆனால் பார்வையாளர்கள் உட்பட மூன்றாந் தரப்பினருக்கு வரும் சேதத்துக்கு ஏற்பாட்டாளரோ வேறொரு தரப்போ மாற்றுக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஓட்டுபவரும் அவரது காரும் அதில் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விருப்பத்தோடு இறங்கியவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், வேடிக்கை பார்க்க வந்தவரை அநாதையாக விடக்கூடாது என்பதுதான் அதன் நியாயம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றதும் தியத்தலாவை நினைக்காமல் இருக்க முடியாது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் ஒன்று ஓரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்து 7 பேர் மரணமானார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பல வருட அனுபவமுள்ள நிகழ்ச்சி அது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைவிடக் குறைவான ஆயத்தத்தோடு நடத்தலாம் என்று எப்படி எண்ண முடியும்?

சரி, பெற்றோல் காருக்கும் இதெல்லாம் பொருந்துமே, மின்சாரக் காரை ஏன் தனியாகப் பேச வேண்டும்? முதலாவது பாரம். ஆரம்பகால லீஃப் காரின் பற்றரியே முந்நூறு கிலோவுக்குக் கிட்ட. பெரிய கார்களில் ஐந்நூறைத் தொடும். அந்தப் பாரத்தை ஒவ்வொரு வளைவிலும் பிறேக்கும் டயரும் தாங்க வேண்டும். வீதியில் அக்ஸிலேட்டரை விட்டவுடன் மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்தும் சுகத்துக்குப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்றரி முழுமையாக சார்ஜ் ஆகியிருக்கும்போதோ அளவுக்கு மிஞ்சிச் சூடாகும்போதோ அந்தப் பிடி குறைந்துவிடும். காலையில் நூறு வீதம் சார்ஜோடு திடலில் இறங்கும் பிள்ளைக்கு முதல் வளைவிலேயே அது புரியும். பழைய லீஃப் போன்ற, பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாத கார்கள் சூடேறினால் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் முழு வேகத்தில் வருபவருக்கு முன்னால் போகும் கார் திடீரென்று மெதுவாகும் காரணம் தெரியாது. சத்தம் இல்லாததால் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவர் வாகனம் வருவதைக் காதால் அறியவும் மாட்டார்.

அடுத்தது தீ. இதில் நியாயமாகப் பேச வேண்டும். மின்சாரக் கார்கள் அடிக்கடி எரிகின்றன என்பது தேநீர்க் கடைக் கதை. சுவீடனில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்சார, ஹைபிரிட் கார்களில் 2022இல் தீப்பிடித்தவை 23 மட்டுமே. பெற்றோல், டீசல் கார்கள் அதைவிடப் பல மடங்கு எரிகின்றன. பிரச்சினை எண்ணிக்கையில் அல்ல, அணைப்பதில் இருக்கிறது. பற்றரித் தீயை அணைத்துக் குளிர்விக்க ஏறத்தாழ 3,000 கலன், அதாவது 11,000 லீற்றருக்கு மேல், தண்ணீர் தேவைப்படலாம் என்று டெஸ்லா கம்பனியே தீயணைப்பாளர்களுக்கான கைநூலில் எழுதியிருந்தது. எமது வீட்டுக் கூரைகளில் இருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் பதினொன்று, ஒரு காருக்கு மட்டும். அணைந்த பிறகும் அது மீண்டும் பற்றலாம் என்பதால் மற்ற வாகனங்களிலிருந்து 50 அடி தள்ளி வைத்துக் காவல் இருக்க வேண்டும். 2017 ஜூனில் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ரிச்சர்ட் ஹமண்ட் சுவிட்சர்லாந்தில் மலைப்பாதை ஓட்டமொன்றில் ரிமாக் மின்சாரக் காரோடு சரிந்து விழுந்து உயிர் தப்பினார். கார் எரிந்து சாம்பலானது.

தீ ஓடும்போதுதான் வரும் என்றும் இல்லை. 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் திடலில் மோட்டோ-ஈ போட்டிக்கான 18 மின்சார மோட்டார் சைக்கிள்களும் தரிப்புக் கூடாரத்திலேயே எரிந்து, போட்டித் தொடரே ஜூலை வரை தள்ளிப்போனது. 2023 ஜூலையில் இங்கிலாந்தின் லிட்டன் ஹில்லில் இரண்டு மின்சார ரலிகிராஸ் கார்கள் அணியின் தரிப்பிடத்தில் எரிந்தன. பயிற்றப்பட்ட பொறியியலாளர்கள் சூழ இருந்த இடங்கள் அவை. ஃபோர்முலா-ஈ கார்களில், தொடுவது ஆபத்தா இல்லையா என்று காட்ட விளக்குகூடப் பொருத்தியிருக்கிறார்கள். எமது ஊர்ப் பிள்ளைகள் கவிழ்ந்த காரைக் கண்டால் ஓடிப்போய்க் கையால் தூக்குவார்கள். நல்ல மனம்தான். 400 வோல்ற்றுக்கு அது தெரியாது.

இன்னொன்று, திடலோரக் கட்டில் அடிப்பாகம் உரசினால் வெளியே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே பற்றரி நசுங்கியிருக்கலாம். புதிய பற்றரியின் விலையைக் கேட்டால் காரையே கைவிட வேண்டி வரும். பஞ்சிகாவத்தையில் கதவும் பம்பரும் தேடி எடுப்பது போல இதை எடுக்க முடியாது.

தகாபுல் எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1999இல் அமானா தகாபுல் தொடங்கப்பட்டதிலிருந்து எமது மக்களில் பலர் வட்டியும் சூதும் கலவாத பாதுகாப்பு என்று அந்த முறையில் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே நாம் செலுத்துவது பொது நிதிக்கான நன்கொடை. ஒருவருக்குக் கொடுக்கப்படும் நஷ்டஈடு மற்றச் சகோதரர்களின் பணம். திடலில் மோதிய காரைப் பாரவண்டியில் ஏற்றி வந்து வீதியோரத்தில் இறக்கிவைத்து, 'நாய் குறுக்கே பாய்ந்தது' என்று முறைப்பாடு எழுதும் யோசனையைக் கூசாமல் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பொய் கம்பனியிடம் சொல்லப்படுவதல்ல. பிறர் ஹக்கில் கை வைப்பது. மார்க்கம் ஒரு பக்கம் இருக்க, இன்றைய கார்கள் வேகத்தையும் பிறேக் அழுத்திய நேரத்தையும் தாமே பதிந்து வைத்திருக்கின்றன. நாய்க் கதை ஒரு கேபிளைச் செருகும் வரைதான் நிற்கும்.

பழைய மாணவர் சங்கங்களும் வர்த்தக நண்பர்களும் இப்படி ஒரு நாளை நடத்த விரும்பினால், நுழைவுச் சீட்டு அச்சிடுவதற்கு முன் பொதுப் பொறுப்புக் காப்புறுதிக்கு விலை கேட்கட்டும். 'மின்சார வாகனங்கள் கலந்துகொள்ளும்' என்று விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதட்டும். அதை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. தண்ணீர் பவுசர் எங்கே நிற்கும், சூடான காரைத் தனியாக எங்கே நிறுத்துவது, உயர் மின்னழுத்தத்துக்கான கையுறையோடு யார் நிற்பார், பார்வையாளர் எத்தனை அடி தள்ளி என்பவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த வருடம் கிரிக்கெட் போட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓட்டப் போகிறவர்கள் காப்புறுதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, இன்ன திகதியில் இன்ன திடலில் ஓட்டப் போகிறேன், பாதுகாப்பு உண்டா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் ஹாஜி" என்று சொல்லுவார். அவர் தங்கமான மனிதராக இருக்கலாம். நஷ்டஈட்டுப் பிரிவில் கோப்பைத் திறப்பவர் அவரல்ல.