பழைய காரும் பஜ்ஜி எண்ணெயும்

“விளக்குக்கு எண்ணெய் ஊற்றலாம், வண்டிக்கு ஊற்றலாமா?”

சென்ற ஆடிக் கிருத்திகையின்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் என் பாட்டி. கேட்க வைத்தவர் என் தாய்மாமன். மாமாவிடம் ஒரு பழைய டீசல் அம்பாசிடர் இருக்கிறது. ஆர்.கே.பேட்டைக்கும் திருத்தணிக்கும் இடையே ஓடிக் களைத்த வண்டி. டீசல் விலையைக் கண்டு மலைத்த மாமா, திருவிழாக் கடைகளில் மிஞ்சும் பஜ்ஜி எண்ணெயை மலிவாக வாங்கி, கொல்லையிலேயே ‘பயோடீசல்’ காய்ச்சப் போவதாக அறிவித்தார். வீடு இரண்டு கட்சியாயிற்று. நான் எதிர்க்கட்சி. ஏன் என்பதை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மாமாவின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். டீசல் இயந்திரத்துக்கும் தாவர எண்ணெய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம் மானாவாரிக் கொல்லைகளில் விளைகிறதே, அதே வேர்க்கடலைதான்! 2004-இல், பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கொண்டு ஒரு பென்ஸ் கார் ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் ஓடியது. ஆகவே, ‘ஓடவே ஓடாது’ என்பார் கட்சி அப்போதே தோற்றது.

ஆனால் கடாயில் இருக்கும் எண்ணெய் அப்படியே டீசல் ஆகிவிடாது. அது டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது. இஞ்செக்டரில் படிந்து அடைத்துக்கொள்ளும். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து சூடாக்கினால்தான் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதே பயோடீசல். அதையும் கழுவி, நீர் போக உலர்த்த வேண்டும். பலமுறை பொரித்த எண்ணெயிலோ கொழுப்பு அமிலம் மிகுதி. காஸ்டிக் சோடா அதனோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு!

‘பழைய வண்டி எதையும் தாங்கும்’ என்றார் மாமா. இது பாதி உண்மையே. புதிய இயந்திரங்களின் நுட்பமான எரிபொருள் அமைப்பை நோக்க, பழையவை சற்றுப் பொறுமை உடையவைதாம். ஆயினும் அவற்றின் ரப்பர் குழாய்களைப் பயோடீசல் நாளடைவில் ஊதிக் கெடுக்கும். டேங்கில் பல்லாண்டு படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்கிடம் போய்விடும்.

வண்டி கெட்டால் பழுது பார்க்கலாம். என் அச்சம் வேறு. நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இருபது லிட்டர் மெத்தனால் வேண்டும். அது பார்வைக்குத் தண்ணீர். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். பகலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுகூட இல்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர் குடித்தது இந்த மெத்தனாலே. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1959-ஆம் ஆண்டு விதிகளே உரிமமின்றி இதை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. மாமாவின் நோக்கம் தூயதுதான். கொல்லையில் நிற்கும் கேனுக்கு அது தெரியுமா? அங்கே விளையாடும் குழந்தைக்குத் தெரியுமா?

அப்படியானால் பஜ்ஜி எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டுவதும் தவறு. அதை வாங்கி மீண்டும் பலகாரம் சுடுவது அதைவிடத் தவறு. பொரித்த எண்ணெயில் கெட்ட கூட்டுப்பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்துவிட்டது. அவ்வெண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலக்க 2030-ஐ இலக்காக வைத்ததும் அவ்வாண்டின் தேசியக் கொள்கையே. காட்டாமணக்கை நம்பி 2017-க்குள் 20 விழுக்காடு என்று முன்பு கண்ட கனவு பலிக்கவில்லை. கடைத்தெருவில் வீணாகும் எண்ணெயோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

என் யோசனை இதுதான். திருவிழாக் கடைகளும், உணவு விடுதிகளும், நம் மாணவர் விடுதிகளும் மிஞ்சிய எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கட்டும். காய்ச்சுவதை முறையான ஆலை செய்யட்டும். வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு குடுவை அளவு செய்து பார்த்து நாம் அறிவைப் பெறுவோம். அறிவு வீட்டுக்கு வரட்டும்; மெத்தனால் வர வேண்டாம்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே வெறும் டின்னைத் திருப்பிக் கொடுத்தார். “என் வண்டிக்கு என்னடா வழி?” என்றார். “சக்கரத்துக்குச் சரியாகக் காற்றடியுங்கள், பில்டரை மாற்றுங்கள், அதிலேயே கொஞ்சம் டீசல் மிஞ்சும்” என்றேன்.

பாட்டி சிரித்தார். “விளக்குக்கு மட்டும் நான் ஊற்றிக்கொள்கிறேன்” என்று எழுந்து போனார்.