ஈர், பேன், பெருமாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் சனிக்கிழமை பேப்பர் விரிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் குனிந்தபடி என் பெண் (நாலாங்கிளாஸ்). பின்னால் பேன் சீப்போடு என் மனைவி. முதல் இழுப்பிலேயே ஒன்று விழுந்தது. சரியாக சென்செக்ஸ் கட்டத்தின் மேல்.

எங்கள் வீட்டில் மூன்று ஃபேன் உண்டு. ரெண்டுதான் ஓடும். இந்தப் பேன் அந்த ரெண்டையும்விட வேகமாக ஓடியது.

"எல்லாம் அந்தப் பக்கத்து ஸீட் பொண்ணுகிட்டேர்ந்து வந்தது. நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் இவளை இடம் மாத்தி உக்கார வெக்கச் சொல்லுங்க."

நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதாவது, திங்கட்கிழமை காலையில் சும்மா இருக்கிறவன். ஆகவே தூது எனக்குத்தான்.

"நசுக்காதேம்மா! பாத்துட்டுத் தரேன்" என்று அலறினாள் பெண். செல்போனில் படமெடுத்து, விரலால் பெரிசாக்கினாள். "அப்பா, ஆறு கால்! ஒவ்வொண்ணுலயும் ஒரு கொக்கி! இது என்ன வேலைப்பா பண்ணும்?"

நான் படித்தது பி.காம். அதில் வந்த ஒரே விசித்திரப் பிராணி ஸ்லீப்பிங் பார்ட்னர். அவராவது முதல் போடுவார். "முதலும் போடாம, வேலையும் செய்யாம, லாபத்தை மட்டும் எடுத்துக்கற பார்ட்னர். ஒட்டுண்ணின்னு பேர்" என்றேன்.

"மணி சித்தப்பா மாதிரியா?"

மணி அங்கேயேதான் இருந்தான். மூன்றாவது நாளாக. இரண்டாவது காபியோடு.

பேச்சை மாற்றுவதற்காகவே நானும் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. பேனுக்குப் பறக்கத் தெரியாது. குதிக்கத் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால் நடந்தே போய்விடும். தலையை விட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாள்தான் ஆயுசு. ஷாம்பூ போட்ட தலை, போடாத தலை என்ற பேதமே அதற்குக் கிடையாது. (படிக்கும்போதே உங்களுக்குத் தலை அரிக்கிறதா? எழுதும்போது எனக்கும் அரித்தது.)

பெண்ணுக்கு இது போதவில்லை. "இன்னும் வேற யாரு இருக்கா?" என்றாள், சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல.

இருந்தார்கள். கடலில் ஒரு பூச்சி. மீனின் செவுள் வழியாக உள்ளே போய் நாக்கைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. நாக்கு சுருங்கி உதிர்ந்ததும் அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்து விடுகிறது. மீனும் அதையே நாக்காக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

"அப்போ அந்த மீன் பேசினா, பேசறது யாருப்பா?"

எனக்கு ஒரு பதில் தோன்றியது. சொல்லவில்லை. மனைவி பக்கத்திலேயே இருந்தாள்.

டோக்கியோவில், மெகுரோ என்ற இடத்தில், ஒட்டுண்ணிகளுக்கென்றே ஒரு மியூசியம் 1953-லிருந்து இருக்கிறது. அங்கே ஒரு நாடாப்புழு, நீளம் 8.8 மீட்டர். ஒரு மனுஷர் வயிற்றில் குடியிருந்தது. வருகிறவர்கள் பிடித்துப் பார்க்க அதே நீளத்துக்கு ஒரு ரிப்பனும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு ரிப்பன் ஏது? என் அம்மாவின் ஒன்பது கஜம் புடவை வெளியே வந்தது. வாசல் கதவில் ஆரம்பித்து, கூடம் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்து, கிரைண்டர் வரை போயிற்று. இருபத்தேழு அடி. "இன்னும் கிட்டத்தட்ட ரெண்டடி வேணும் பாட்டி!" என்றாள் பெண். "ராமா!" என்றாள் அம்மா.

"ஸ்கூல்ல குடுக்கற பூச்சி மாத்திரை இதுக்குத்தானா?"

"இல்லை, அது முக்கியமா உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு இதுகளுக்கு" என்றேன். அரை மணிக்கு முன் எனக்கே தெரியாத விஷயம்.

அப்புறம்தான் அந்த வரியைப் படித்துக் காட்டித் தொலைத்தேன். முதல் தடவை பேன் பிடித்தால் உடனே அரிக்காது. அதன் எச்சில் நமக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் அரிப்பு. அது தெரிய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம்.

பெண் யோசித்தாள். "அப்போ போன மாசமே எனக்கு இருந்திருக்கலாமா? லீவுக்குப் பெரியம்மாவாத்துல எல்லாரும் ஒரே பாய்ல படுத்துண்டோமே?"

சீப்பு ஒரு நிமிஷம் நின்றது. பெரியம்மா என்பவர் என் மனைவியின் சொந்த அக்கா.

"அப்போ நான்தான் அவளுக்குக் குடுத்தேனாப்பா?"

டபுள் என்ட்ரியில் ஒரு கணக்கில் வரவென்றால் இன்னொரு கணக்கில் பற்று இருந்தே தீர வேண்டும். ஆனால் வவுச்சர் இல்லாமல் யார் யாருக்குக் கொடுத்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. அதைத்தான் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

"அவகூட வேற யாரும் டிபன் சாப்பிட மாட்டாங்கப்பா. நான் மட்டும்தான்."

திங்கட்கிழமை, என்ன சொல்வது என்று தீர்மானிக்காமலே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும், "நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் சார்" என்றார். "வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணோட அம்மா வந்திருந்தாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க... உங்க பொண்ணு பக்கத்துலேர்ந்து இடம் மாத்தச் சொல்றாங்க. தலையில... அது வந்து..."

"பேன்."

"ஆமா சார். நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அடுத்த டேர்ம் ஃபீஸ் எப்போ கட்டணும்னு கேட்கலாம்னு" என்றேன். தானாக வந்து ஃபீஸ் விசாரிக்கும் தகப்பனை டீச்சர் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டில் வந்து நடந்ததைச் சொன்னேன். "அவங்களா? நம்மையா?" என்று ஆரம்பித்த மனைவி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அரிசி களைந்தாள். குக்கர் வைத்தாள். மூன்றாவது விசிலுக்கு அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல ஆகுமாமே. எப்படியும் வர ஞாயிறு மறுபடி வாரணும். அந்தப் பொண்ணையும் அவ அம்மாவையும் இங்கயே வரச் சொல்லுங்க. ஒருத்திக்கு மட்டும் வாரி என்ன பிரயோஜனம்? இன்னொரு பேன் சீப்பு வாங்கிண்டு வாங்க. நெருக்கமான பல்லாப் பாத்து."

உள்ளே அம்மா புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பெண் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தாள்.

"பீரோவுல வெக்காதே பாட்டி. அவளுக்கும் காட்டணும்!"