பியெனெமேயும் நாம் இருவர் நமக்கு இருவரும்

ஒரு குடும்பப் பெயரைத் தட்டினால் போதும். அது எங்கே முளைத்தது, என்ன அர்த்தம், நாட்டில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எந்த மாவட்டத்தில் அதிகம் என்று வரைபடத்தோடு சொல்லிவிடும் பக்கங்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் ஏகப்பட்டது உண்டு. நம்ம ஊரில் ராசிபலன் பார்க்கிற மாதிரி அங்கே இது ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் அந்தப் பக்கங்களில் மேய்வது பிடிக்கும். ஆனால் எண்ணிக்கை ரொம்பக் குறைவாக இருக்கும் பெயர்களைப் பற்றி எழுதும்போது ஒரு ஒப்பாரி சேர்ந்துகொள்ளும் பாருங்க, அதுதான் தாங்கவில்லை. புலிக்கும் பாறு கழுகுக்கும் சொல்வது போல "அழியும் நிலையில் உள்ள பெயர்" என்கிறார்கள். ஒரு குடும்பமே பூண்டோடு போய்விட்ட மாதிரி பேசுகிறார்கள்.

இல்லீங்க. பேர் போவது வேறு, குடும்பம் போவது வேறு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிவிட வேண்டாம் :-)

உதாரணத்துக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். பியெனெமே. பிரெஞ்சில் 'பியென்' என்றால் நன்றாக, 'எமே' என்றால் நேசிக்கப்பட்டவன். சேர்த்தால் 'ரொம்பப் பிரியமானவன்'. நம்ம செல்லையா, அன்பழகன் வகையறா. பிரான்ஸில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இப்படி நாலு வழியில்தான் வந்தன: அப்பாவின் பெயர், ஊர் அல்லது இடத்தின் பெயர், செய்த தொழில், ஊரார் வைத்த பட்டப்பெயர். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் மெதுவாகத் தொடங்கி, யாரும் உத்தரவு போடாமலே அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போக ஆரம்பித்தன.

இந்தப் பெயருக்கு இரண்டு எழுத்து வடிவம் இருக்கிறது. நடுவில் பிரெஞ்சு 'இ' போட்டு ஒன்று, 'இக்ரெக்' என்ற வால் எழுத்தைப் போட்டு இன்னொன்று. காதுக்கு இரண்டும் ஒன்றேதான். பழைய காலத்துப் பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்றைக்கு ஒரு மாதிரி எழுதுவார், அடுத்த பிள்ளைக்கு வேறு மாதிரி எழுதுவார். யாரும் கண்டுகொள்ளவில்லை. புரட்சிக்குப் பிறகு 1794-ல் ஒரு சட்டம் வந்தது: பிறப்புப் பதிவில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பக் கையேடு என்று ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், எழுத்து உறைந்துவிட்டது. கிளார்க் கை எப்படிப் போனதோ அப்படியே வம்சத்துக்கும்.

ஆக ஒரே மூலப்பெயர், புள்ளிவிவரத்தில் இரண்டு பெயர். வால் எழுத்துக்காரர்கள் கம்மி, அதனால் அவர்கள் "அரிய" வகை. பிரான்ஸில் பத்து லட்சத்துக்கும் மேல் குடும்பப் பெயர்கள் இருப்பதாகச் சொல்லும்போது இந்த மாதிரி எழுத்துப்பிழைக் குட்டிகளும் அதில் அடக்கம். இத்தனை பெயர் இருப்பதால், முதலிடத்தில் இருக்கும் மார்ட்டின்கூட நூற்றுக்கு ஒருவர் இல்லை. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். அதை நினைத்தால் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்ப் பஞ்சம் பற்றிப் புலம்புவது பணக்காரன் சில்லறை இல்லை என்று அழுவது மாதிரி.

இன்னொன்று. அந்தப் பக்கங்களில் வரும் எண்ணிக்கைக்கு அடிப்படை பெரும்பாலும் இன்சே என்ற அரசுப் புள்ளியியல் நிறுவனத்தின் கோப்பு. அது எண்ணுவது இத்தனை வருஷத்திலிருந்து இத்தனை வருஷம் வரை பிரான்ஸில் நடந்த பிறப்புகளை. உயிரோடு இருப்பவர்களை அல்ல, வெளிநாட்டில் பிறந்தவர்களையும் அல்ல. "இன்று 200 பேர் வைத்திருக்கிறார்கள்" என்று படித்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

சரி, எதற்காக இந்தப் பெயரை எடுத்தேன்? பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கணக்கை உலகத்தில் முதலில் சரியாகப் போட்ட ஆசாமியின் பெயரே பியெனெமேதான். வால் எழுத்துக் கோஷ்டி.

இரெனே-ஜூல் பியெனெமே. 1796-ல் பாரிஸில் பிறந்தவர். நிதி அமைச்சகத்தில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வரை போனவர். 1848 புரட்சியில் வேலை போயிற்று. கணக்கு அவருக்கு ஆபீஸ் முடிந்த பிறகான வேலை (நமக்குப் பதிவு எழுதுவது போல). அப்போது பென்வாஸ்தோன் தெ ஷாத்தோநேஃப் என்பவர் பிரபுக் குடும்பங்கள் எத்தனை காலம் நீடிக்கின்றன என்று ஆராய்ந்து எழுதியிருந்தார். பெரிய வம்சமெல்லாம் வரிசையாக மறைகிறதே, ரத்தம் கெட்டுப்போச்சா, ஒழுக்கம் கெட்டுப்போச்சா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லும் காலம். பியெனெமே 1845-ல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஒரு ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன் அல்லது அதற்கும் குறைவு என்றால், காலப்போக்கில் அந்தப் பெயர் நிச்சயம் அழியும். சராசரி ஒன்றைத் தாண்டினால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உத்தரவாதம் கிடையாது. ரத்தமும் வேண்டாம், ஒழுக்கமும் வேண்டாம், தற்செயல் போதும்.

அதை யாரும் கவனிக்கவில்லை. 1873-ல் இங்கிலாந்தில் கால்டன் அதே கேள்வியைக் கேட்டார். வாட்சன் என்ற பாதிரியார் பதில் போட்டார். 1874-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். எல்லாப் பெயரும் அழிந்தே தீரும் என்று அதில் தப்பாக முடித்தார்கள்! ஆனாலும் பாடப்புத்தகத்தில் அவர்கள் பெயர்தான். ஹெய்டே, செனெட்டா என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1970-களில் பழைய காகிதங்களைப் புரட்டி பியெனெமேயை வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது சிலர் மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இதில் இன்னொரு கூத்து, வம்சவிருத்தி பற்றி அவ்வளவு எழுதிய கால்டனுக்கே பிள்ளை கிடையாது.

இப்போ நம்ம கணக்கு. பேருந்தின் முதுகிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் பார்த்து வளர்ந்த வாசகம் ஞாபகம் இருக்கா, நாம் இருவர் நமக்கு இருவர்? ஒரு கற்பனை ஊர். நூறு வீடு, நூறு தனித்தனி குடும்பப் பெயர். எல்லாருக்கும் கல்யாணம் ஆகிறது, எல்லாருக்கும் சரியாக இரண்டு பிள்ளை. ஆணா பெண்ணா என்பது நாணயம் சுண்டுவது போல. பெயர் மகன் வழியாக மட்டும் போகும்.

முதல் தலைமுறையிலேயே நூற்றில் சுமார் 25 வீட்டில் இரண்டும் பெண். 25 பெயர் காலி. இரண்டாவது தலைமுறை முடிவில் 39 போயிருக்கும். ஐந்தாவதில் 60. பத்தாவது தலைமுறையில், அதாவது ஏறக்குறைய முந்நூறு வருஷத்தில், 74 பெயர் போயிருக்கும். ஊரின் மக்கள்தொகை ஒரு ஆள்கூடக் குறையவில்லை என்பதைக் கவனிங்க. ஒரு வீட்டிலும் வாரிசு இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்தாவது தலைமுறைக்குப் போகும் கோடுகள் 1024. நூறு வீட்டு ஊரில் 1024 கோடு ஓடினால் அது எந்த வீட்டுக்குள் புகாமல் இருக்கும்? "அழிந்த" அந்த 74 குடும்பங்களின் ரத்தம்தான் மிச்சமுள்ள 26 பெயர்க்காரர்களின் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் எதற்கு ஒப்பாரி? அழிந்தது குடும்பம் அல்ல. மகன்களை மட்டும் எண்ணும் ஒரு கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது பிரெஞ்சுப் பெண்களின் நிலைமை. அதே 1794 சட்டத்தின்படி, கல்யாணம் ஆனாலும் பெண்ணின் சட்டப்படியான பெயர் பிறந்த வீட்டுப் பெயர்தான். கணவன் பெயரைப் புழங்கலாம், அவ்வளவே. சாகிறவரை அவள் பியெனெமேதான். ஆனால் கல்யாணமானவளாக இருந்தால் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரைக் கொடுக்க 2005 வரைக்கும் முடியாது. கையில் இருக்கும், கொடுக்க உரிமை இல்லை. பெயர் அழிகிறதே என்று அழுத அரசாங்கம் முதலில் என்ன செய்தது தெரியுமா? உலகப் போரில் லட்சக்கணக்கில் ஆண்கள் செத்த பிறகு 1923-ல் ஒரு சட்டம் போட்டது: நாட்டுக்காக உயிர்விட்டவர் தன் பெயரின் கடைசி ஆண் என்றால், நெருங்கிய உறவினர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். செத்த ஆண் பெயரைக் காப்பாற்ற வழி இருந்தது, உயிரோடு இருக்கும் அக்கா தங்கைக்கு வழி இல்லை.

1993-லிருந்து இன்னொரு கதவு. முன்னோர் ஒருவரின் பெயர் அழியப் போகிறது என்றால், நான்காம் படி உறவு வரை போய் அதை எடுத்துக்கொள்ள நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு மார்ட்டின் இப்படி மாறிப்போனால் மார்ட்டினில் ஒன்று குறையும். அதற்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் 2002-ல் சட்டம் திருத்தி, 2005 ஜனவரி 1 முதல் அம்மா பெயர், அப்பா பெயர், இரண்டும் என்று எதுவும் வைக்கலாம் என்றார்கள். சட்டப் புத்தகத்தில் 'தந்தைவழிப் பெயர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'குடும்பப் பெயர்' என்று போட்டார்கள். சபாஷ். 2013-லிருந்து, பெற்றோர் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு பெயரும் அகரவரிசைப்படி! 2022-லிருந்து பெரியவர்களும் நகராட்சி ஆபீசில் ஒரு படிவம் கொடுத்து அம்மா பெயருக்கு மாறிக்கொள்ளலாம், வாழ்க்கையில் ஒரு தடவை. இத்தனைக்கும் பிறகு, 2010-களின் கடைசியில்கூடப் பத்துக் குழந்தையில் எட்டுக்கு அப்பா பெயர் மட்டும்தான்.

இந்தச் சட்டம் அரிய பெயர்களைக் காப்பாற்றும் என்று வாதாடியவர்கள் உண்டு. அதில்தான் நான் ஒத்துப்போகவில்லை. நம்ம கற்பனை ஊருக்கே திரும்பப் போங்க. அம்மா பெயரா அப்பா பெயரா என்று நாணயம் சுண்டிப் போட்டால் ஒவ்வொருவரின் பெயரும் அவரது பிள்ளைக்குப் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதே பழைய கணக்குதான்! பெயர்கள் அப்போதும் அழியும். இரட்டைப் பெயர் வைத்தாலும் அடுத்த தலைமுறைக்கு ஒவ்வொருவரும் ஒன்றைத்தான் தர முடியும், மற்றது உதிர்ந்துவிடும். ஆக அம்மா பெயர் வைப்பது பெயரைக் காப்பாற்றுவதற்காக அல்ல, அது அம்மாவுக்கும் உரிமை என்பதற்காக. அந்த ஒரு காரணம் போதாதா? எதற்கு அழிவைக் காட்டி அனுதாபம் தேட வேண்டும்?

"நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே, ஒரு தலைமுறை இனிஷியல், அடுத்த தலைமுறைக்கு வேறு" என்று நம்மாட்கள் பெருமையாகக் காலரைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ரசிப்பேன். ஆனால் அந்த ஒற்றை எழுத்தும் அப்பாவுடையதுதானே? எங்க ஆச்சி பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று தேடினால் ரேஷன் கார்டோடு முடிந்துவிடுகிறது.

பெயர்கள் அழிவதை எண்ணுகிறவர்கள் பிறப்பதை எண்ணுவதில்லை. இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கே பங்கு உண்டு. 1881-ல் பிரெஞ்சிந்தியாவில் வந்த அரசாணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்கு மாறிய புதுச்சேரிக்காரர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். 'கதவு' என்று அர்த்தம். ஒரே கையெழுத்தில் பரம்பரைப் பெயர் ரெடி.

ஈழத்திலிருந்து பிரான்ஸுக்குப் போனவர்கள் கதையும் இதேதான். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வரும், அப்பாவின் பெயர் அதில் உட்காரும், மேற்கொண்டு அதுவே பிள்ளைக்கும் பேரனுக்கும். எழுத்துக்கூட்டல் அந்த அதிகாரியின் கைவண்ணம். அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு வேறு மாதிரி என்றால் அது இரண்டு அரிய குடும்பப் பெயர். இன்னும் நூறு வருஷம் கழித்து எவனாவது வரைபடத்தோடு ஒரு பக்கம் போடுவான், "தோற்றம், பொருள், பரவல்" என்று. பொருள் இருக்கட்டும், தோற்றம் என்னவென்று எழுதுவான்? அவங்க தாத்தாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவ்வளவுதானே.

பிரான்ஸில் இருக்கும் பதிவர்கள் யாராவது பிள்ளைக்கு அம்மா பெயரையும் சேர்த்துப் பதிந்திருந்தால், ஆபீசில் என்ன சொன்னார்கள், மாமனார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்க. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.