லோதார் எங்க ஆளு

அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய முத்து காமிக்ஸ் ஒன்று என் பையில் கிடந்தது. அட்டை இல்லை. ஒரு தோழர் எடுத்துப் புரட்டினார். "இன்னுமா மாண்ட்ரேக்கைப் படிக்கிறே? வெள்ளைக்காரன் பின்னாடி ஒரு கறுப்பன் வேலைக்காரனாப் போற கதை. தூக்கிக் குப்பையில போடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ரயிலேறி ஆவடி வந்து இறங்குவதற்குள் சிரித்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மாண்ட்ரேக் 1934 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கிய படக்கதை. எழுதியவர் லீ ஃபாக், வரைந்தவர் ஃபில் டேவிஸ். சூப்பர்மேன் வந்தது 1938இல்தான். அதனால் படக்கதை உலகின் முதல் சூப்பர் ஹீரோ மாண்ட்ரேக்தான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ் வழியாக அவர் நம்ம தெருவுக்கும் வந்தார். கூடவே லோதாரும் வந்தார். ரசிகர்கள் இன்றைக்கும் மாண்ட்ரேக்கை நினைத்துப் பக்கம் பக்கமாக உருகுகிறார்கள். லோதாருக்கு? 'உதவியாளர்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதோடு சரி.

அந்த வார்த்தைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்ப்பர் என்று பேர். நானும் ஹெல்ப்பராக இருந்தவன்தான். கம்பெனி பேர் வேண்டாம். லேத்தில் நிற்பவர் ஆபரேட்டர். அவருக்கு ஜாபைத் தூக்கிக் கொடுப்பது, இரும்புத் தூளை அள்ளிக் கொட்டுவது, எண்ணெய் துடைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் ஹெல்ப்பர். சாயங்காலம் சூப்பர்வைசர் நோட்டில் எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதுவார். ஆபரேட்டர் பேருக்கு நேராகத்தான் எழுதுவார். ஹெல்ப்பர் பேருக்கு அந்த நோட்டில் கட்டமே கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் ஹெல்ப்பராகவே வேலைக்குச் சேர்ந்து ஹெல்ப்பராகவே வீட்டுக்குப் போனார்கள் என்பதை இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாண்ட்ரேக் அப்படி என்னதான் செய்கிறார்? கையை அசைக்கிறார். எதிரி பிடித்திருக்கும் துப்பாக்கி பாம்பாகத் தெரிகிறது, பூவாகத் தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான். அது மனோவசியம். துப்பாக்கி துப்பாக்கியாகவேதான் இருக்கிறது. எதிராளி மிரண்டு நிற்கிற அந்த நிமிஷத்தில் பாய்ந்து அடித்து வீழ்த்துகிற கை யாருடையது? பூட்டிய கதவைப் பெயர்க்கிற தோள் யாருடையது? லோதாரின் அடி தோற்றமில்லை. விழுந்தவனைக் கேட்டால் தெரியும். ஆனால் கதையின் தலைப்பில் இருப்பது கையசைத்தவன் பேர்.

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? கையை ஆட்டி, நாலு வார்த்தை முணுமுணுத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டியே காலங்காலமாகச் சோறு தின்கிற கூட்டம் நமக்குப் புதுசா? சேரிக்காரன் கை பட்ட தண்ணீர் தீட்டாகத் தெரிந்தது. தண்ணீர் தண்ணீராகவேதான் இருந்தது. சாதி குடியிருக்கும் இடம் மனசுதான் என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். மாண்ட்ரேக் பிறந்து இரண்டு வருஷம் கழித்து. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வருகிறது.

தோழர் சொன்னதில் உண்மையே இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆரம்ப காலப் படங்களில் லோதாருக்குச் சிறுத்தைத் தோலைச் சுற்றித் தலையில் துருக்கித் தொப்பி கவிழ்த்திருப்பார்கள். பக்கத்தில் மாண்ட்ரேக் கோட்டும் உயரத் தொப்பியுமாக நிற்பார். லோதார் வாயில் வருவது உடைந்த இங்கிலீஷ். 'இவனுக்கு உடம்புதான் உண்டு, மூளை கிடையாது' என்பதைப் படம் போட்டுச் சொல்வது அது. சுத்தமான நிறவெறி. முப்பது வருஷம் அப்படியே ஓடியது. 1965இல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் படம் போட வந்த பிறகுதான் லோதார் ஒழுங்காகப் பேச ஆரம்பிக்கிறார், உடையும் மாறுகிறது. லீ ஃபாக்குக்குத் திடீர் ஞானமா? அதே 1965இல்தான் கறுப்பின மக்கள் செல்மாவில் அடிவாங்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், வாக்குரிமைச் சட்டத்தை வாங்கினார்கள். லோதாரின் பேச்சைத் திருத்தியது அந்த ஊர்வலம்தான் என்று நான் படிக்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கட்டும்.

அந்தச் சிறுத்தைத் தோல் விஷயம் வேடிக்கையானது. வேலைக்காரனுக்கு அடையாளமாக அவர்கள் போர்த்திய விலங்கைத்தான் 1966இல் அமெரிக்கக் கறுப்பர்கள் கட்சிப் பேராக எடுத்துக்கொண்டார்கள். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் மற்றவர்களும் அந்தப் பேரை வாங்கி தலித் சிறுத்தைகள் ஆனார்கள். சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதும் அதே வருஷம்தான். கணக்குப் போட்டு யாரும் செய்யவில்லை. நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். லோதார் சும்மா ஆளில்லை. ஏழு நாடுகளின் இளவரசர். அரியணை காத்திருக்கும்போது வேண்டாமென்று விட்டு வந்தவர். 2018இல் 'பிளாக் பாந்தர்' படம் வந்தபோது நம்ம மாணவர் தோழர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய படம்தான். ஆனால் அவர் ராஜா. ராஜாவென்றால் நமக்கும் கை தன்னால் தட்டுகிறது பாருங்கள்! நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் ஆண்ட பரம்பரை என்கிறார்கள். எல்லோரும் ஆண்டார்கள் என்றால் மூட்டை தூக்கியது யார்? கிரீடத்தை வேண்டாமென்று சொன்ன ஒரே ஆளைப் பார்த்து 'அடிமை' என்கிறோம். வெள்ளைக்காரனுக்கு உதவியாகப் போவதற்காக விட்டார் என்பது அதிலிருக்கிற விஷம். எழுதியவன் வைத்த விஷம் அது. அதைத் துப்பிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளத் தெரியாதா நமக்கு? ராமாயணத்தைப் படித்து ராவணனை எடுத்துக்கொண்ட ஊர் இது.

படிப்பு வட்டத்துக்கே திரும்பி வருகிறேன். அன்றைக்கு ஹாலுக்கு டியூப்லைட் கட்டியது பட்டாபிராமிலிருந்து வருகிற தம்பி. பெஞ்சுகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததும் அவன்தான். முதல் நாள் ராத்திரி பசை வாளியோடு பூந்தமல்லி ரோடு பூராவும் போஸ்டர் ஒட்டியவனும் அவன்தான். நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, கருத்துரை, நன்றியுரை எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர். அவன் பேர் இல்லை. நிறவெறியைப் பற்றி மாண்ட்ரேக் மேல் பாய்ந்த தோழரின் பேர் கருத்துரையில் இருந்தது. என் பேர் முன்னிலையில்.

அடுத்த கூட்டம் இரண்டாவது ஞாயிறு. நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. தம்பி பேரைக் கருத்துரையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அவன் என்னத்தைப் பேசுவான்?" என்று பதில் வந்தது. அந்தக் காமிக்ஸ் இப்போது அவனிடம்தான் இருக்கிறது.