பரிமாறும் கைக்குப் பந்தியில் இடமில்லையா?

விருந்தோம்பல் தமிழரின் அறம். திருவள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன், தன்னை நாடி வந்த பாணரைப் பொற்கலத்தில் உண்பித்தபொழுது, ஏவலரிடம் விட்டுவிடாமல் தானே நின்று ஊட்டியதாகச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. பரிமாறுதல் இழிபணி அன்று; அரசனும் விரும்பிச் செய்த பணி.

அப்பணி இன்று கூலிக்குச் செய்யப்படுகின்றது. கூலிக்குச் செய்வதில் குற்றமில்லை. செய்பவனை மாந்தனாக எண்ணாமையே குற்றம்.

சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் கோடைவிழாவும் மலர்க்காட்சியும் நடைபெறும் ஊர் அது. திருமணங்களும் நிறுவனக் கூட்டங்களும் அங்குள்ள விடுதிகளில் நடக்கின்றன. இத்தகைய விழாக்களில் உணவுப் பொறுப்பை ஏற்கும் ஒப்பந்தக்காரர் நிலையாக வைத்திருப்போர் சிலரே. விழாநாளுக்கு வேண்டிய பலரை அன்றன்றைக்கே திரட்டுகின்றார். படிப்புச் செலவுக்காக வரும் மாணவரும் அவருள் உளர். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறும் இளைஞன், காலையில் இலைபோடத் தொடங்கினால், இரவில் கடைசி ஏனம் கழுவப்படும் வரை நின்றே உழைக்க வேண்டும். எல்லாரும் உண்டபின் எஞ்சியதே அவனுக்கு உணவு. ஏறி இறங்கும் நேரத்திற்குக் கூலியில்லை. கொதிக்கும் குழம்பு கையில் கொட்டினால் மருத்துவச் செலவு யாருடையது என்பதற்கு எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

இம்மலை இதனை முன்பே கண்டது. 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்டத் தண்டலராயிருந்த காக்பர்ன் என்னும் வெள்ளையர் குளம்பிப் பயிரை இங்குக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின. சாமையும் தினையும் விளைத்து வாழ்ந்த மலைமக்களுள் பலர் தம் மலையிலேயே கூலிகளாயினர். இன்று விருந்தினர்க்காக மலை அணிசெய்யப்படும்பொழுதும், மண்ணின் மகன் ஏனம் கழுவும் மூலையில் பசியோடு நிற்பதா?

சட்டம் இல்லாமல் இல்லை. உணவகப் பணியாளரின் வேலைநேரம், ஓய்வு, விடுமுறை ஆகியவற்றை வரையறுக்க 1958-லேயே இம்மாநிலத்தில் தனிச்சட்டம் பிறந்தது. கடைகளில் பணியாற்றுவோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் இயற்றியது. கடையில் நிற்கும் கால் வலிக்கும் என்று ஒப்பியவர்க்குப் பந்தலில் நிற்கும் கால் மட்டும் மரக்காலா?

'கேட்டரிங் பையன்' என்னும் விளியும் ஒழிய வேண்டும். மடை என்பது உணவைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல். மடைப்பள்ளி கோயில்களில் இன்றும் வழங்குகின்றது. மடையன் என்பதற்குச் சமைப்போன் என்றும் பொருளுண்டு. ஆயினும் அச்சொல்லை இன்று வசையாகவே கேட்கின்றோம். உணவாக்குவோரை நாம் எங்கே வைத்திருக்கின்றோம் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 'விருந்துப் பணியாளர்' என்று அழைப்போம்; அழைப்பதோடு நில்லாமல் அப்பெயருக்குரிய மதிப்பையும் தருவோம்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் இல்லத் திருமணத்திற்கு ஒப்பந்தம் பேசும்பொழுது, இலைக்கு எவ்வளவு என்பதோடு நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: பணியாளர்க்குக் கூலி எவ்வளவு? வேலை எத்தனை மணிநேரம்? அவர்கள் எப்பொழுது உண்பார்கள்? எங்கே அமர்வார்கள்? பணம் கொடுப்பவர் கேட்டால் விடை வந்தே தீரும்.

வந்தவர் வயிற்றை நிரப்பிவிட்டுப் பரிமாறியவர் வயிற்றைக் காயவிடும் விருந்து, விருந்தன்று, வெறும் ஆரவாரம்.