போவதா, வேண்டாமா? ஹைதராபாத் தரும் பாடம்

புதுதில்லி: 2009 ஆகஸ்ட் 9. உலக பாட்மின்டன் போட்டி ஹைதராபாத் கச்சிபவுலி அரங்கில் தொடங்க ஒரே நாள்தான் இருந்தது. இந்தியாவில் அந்தப் போட்டி நடைபெறுவது அதுவே முதல் முறை. லஷ்கர்-இ-தொய்பா அமைப்பினர் தாக்கக்கூடும் என்று பத்திரிகைகளில் வெளியான செய்தியைக் காரணம் காட்டி, இங்கிலாந்து அணி ஆடாமலேயே நாடு திரும்பியது. குறிப்பிட்ட அச்சுறுத்தல் ஏதுமில்லை என்று இந்தியத் தரப்பில் கூறப்பட்ட விளக்கம் எடுபடவில்லை. ஆனால், அதே பிரிட்டனின் ஓர் அங்கமான ஸ்காட்லாந்தின் அணி தங்கி ஆடியது. ஆகஸ்ட் 16ஆம் தேதி போட்டி அசம்பாவிதம் ஏதுமின்றி நிறைவடைந்தது.

இங்கிலாந்து அணியைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. அவர்களுடைய அச்சம் அடிப்படையற்றதல்ல என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2007 மே 18ஆம் தேதி மெக்கா மசூதியில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி லும்பினி பூங்காவிலும் கோட்டி பகுதியிலுள்ள கோகுல் சாட் கடையிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 40க்கும் அதிகமானோர் மாண்டனர். மும்பைத் தாக்குதல் நடந்து ஒன்பது மாதங்கள்கூட நிறைவடையாத நேரம் அது. இவற்றை அறிந்த எவருக்கும் தயக்கம் ஏற்படுவது இயல்பே.

ஆனால், அதே நகரம் இன்னொரு காட்சியையும் கண்டது. 2013 பிப்ரவரி 21ஆம் தேதி தில்சுக்நகரில் இரட்டைக் குண்டுகள் வெடித்தன. அப்போது ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி இந்தியாவில் இருந்தது. மறுநாள் சென்னையில் முதல் டெஸ்ட் தொடங்கியது. இரண்டாவது டெஸ்ட் ஹைதராபாத் உப்பல் மைதானத்தில் மார்ச் 2ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆராய்ந்த பின்னர் ஆஸ்திரேலியர்கள் ஹைதராபாத் வந்தார்கள், ஆடினார்கள், தோற்றும் போனார்கள். குண்டு வெடிக்காத ஊரிலிருந்து ஓர் அணி புறப்பட்டுச் சென்றது. குண்டு வெடித்த ஒன்பதாம் நாள் அதே ஊருக்கு மற்றோர் அணி வந்து ஆடியது.

அப்படியானால் தங்கியவர்கள்தான் அறிவாளிகள் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு. மும்பைத் தாக்குதலுக்குப் பின் இந்தியா தனது பாகிஸ்தான் பயணத்தை ரத்து செய்தது. இந்தியாவுக்குப் பதிலாக இலங்கை அணி சென்றது. நாட்டுத் தலைவர்களுக்கு அளிக்கப்படுவதற்கு நிகரான பாதுகாப்பு தரப்படும் என்று உறுதியும் அளிக்கப்பட்டிருந்தது. 2009 மார்ச் 3ஆம் தேதி லாகூரில் அந்த அணியின் பேருந்து மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆறு போலீஸார் உள்பட எட்டுப் பேர் உயிரிழந்தனர். வீரர்கள் பலர் காயமுற்றனர். நல்லெண்ணத்தோடு சென்றவர்களுக்கு நேர்ந்த கதி இது. இதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் ஆட்டமே நடைபெறவில்லை.

துணிந்து சென்றதால் நன்மை விளைந்ததற்கும் சான்றுகள் உண்டு. 1996 ஜனவரி 31ஆம் தேதி கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சுமார் 90 பேர் இறந்தனர். உலகக் கோப்பை ஆட்டத்துக்காக அங்கு செல்ல ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அப்போது இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு சென்று ஆடிக் காட்டினர். அந்த அணியின் தலைவர் ஹைதராபாத்தின் மைந்தர் முகமது அசாருதீன். 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலை அடுத்துத் தாயகம் திரும்பிவிட்ட இங்கிலாந்து கிரிக்கெட் அணி, மீண்டும் வந்து சென்னை சேப்பாக்கத்தில் ஆடியதைத் தமிழக ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 387 ரன் இலக்கை இந்தியா எட்டிய அந்த ஆட்டத்தின் இறுதியில் கைதட்டல் இரு அணிகளுக்கும் கிடைத்தது.

இந்த உதாரணங்கள் ஒன்றை உணர்த்துகின்றன. போவதா, வேண்டாமா என்பதை வீரமோ அச்சமோ தீர்மானிக்கக் கூடாது. நம்பத்தகுந்த தகவலே தீர்மானிக்க வேண்டும். பிற நாடுகள் இந்தியாவைப் பற்றிப் பயண எச்சரிக்கை விடுத்தால் நம்மவர்கள் கொதிக்கிறார்கள். நாம் மற்ற நாடுகளைப் பற்றி எச்சரிக்கை விடுக்கும்போது அது பொறுப்புணர்வு எனப்படுகிறது. நமக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்பது சரியல்ல.

விளையாட்டு வீரர்களுக்காவது தேர்வு செய்யும் உரிமை இருக்கிறது. கடன் வாங்கி வேலைக்குச் செல்பவர்களின் நிலை என்ன? 2014இல் இராக்கின் திக்ரித் நகரில் 46 இந்தியச் செவிலியர்கள் சிக்கிக்கொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். வாங்கிய கடனும் வராத சம்பளமும் கண்முன் நின்றதால் ஊர் திரும்பவே பலர் தயங்கினர். நல்லவேளையாக அவர்கள் பத்திரமாக மீண்டனர். அதே ஆண்டு மோசுல் நகரில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அவர்கள் கொல்லப்பட்டதை அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அறிவித்தது 2018 மார்ச் 20ஆம் தேதிதான். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் நம்பிக்கையோடு காத்திருந்தன. ஆபத்தான நாட்டுக்குப் போகாதே என்று ஓர் அறிவிப்பை வெளியிடுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எனவே, பயண எச்சரிக்கைகளுக்குத் தெளிவான இலக்கணம் வகுக்கப்பட வேண்டும். எந்த ஊர், என்ன காரணம், எவ்வளவு காலம், எப்போது மறுபரிசீலனை என்பவை ஒவ்வோர் எச்சரிக்கையிலும் இடம்பெற வேண்டும். ஒரு நகரில் நடந்த தாக்குதலுக்காக ஒரு நாட்டையே ஒதுக்கிவைப்பது பயங்கரவாதிகளுக்குத் தரும் பரிசாகும். விருந்தினரை அழைக்கும் நாடும் வெறும் உறுதிமொழியோடு நின்றுவிடாமல், தன்னிடமுள்ள தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆபத்தான இடத்திலிருந்து திரும்பும் தொழிலாளியின் கடனுக்கும் சம்பள பாக்கிக்கும் அரசு வழி காண வேண்டும். பயங்கரவாதம் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நமது எம்.பி.க்கள் இது குறித்தும் அவையில் கேள்வி எழுப்பலாமே.

கோகுல் சாட் மீண்டும் திறக்கப்பட்டது. தில்சுக்நகரிலும் பேருந்துக்காக மக்கள் பழையபடி காத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தூதரகமும் எச்சரிக்கை விடுப்பதில்லை. விமானம் ஏறிப் போய்விடும் வசதியும் அவர்களுக்கு இல்லை. வருகிற விருந்தினரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எங்கும் போக முடியாத இவர்களின் பாதுகாப்பையும் தில்லி நினைத்துப் பார்க்க வேண்டும்.